லப்புக்கும் டப்புக்கும் இடையில் ஓர் இரைச்சல்

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், எங்கள் றேடியோத் தொழிலில் இப்போது இருக்கிற இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் சட்டைப் பையிலிருந்து நகத்தளவு கறுப்புச் சில்லு ஒன்றை எடுத்துக் காட்டினார். அதற்குள் இருபது டிரான்சிஸ்டர் இருக்கிறதாம்.

"அந்தக் காலத்திலை ஒவ்வொண்டாப் பூட்டித்தானே செய்தனீங்கள், அண்ணை? எத்தினை மடங்கு வரைக்கும் சிக்னலைப் பெருக்கினனீங்கள்?"

"பத்து லட்சம் எண்டு கணக்குப் போட்டனான். இருபத்தொன்பதாயிரம் வந்தது" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கூட்டத்தில் மீதிக் கதையைச் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நான் பருத்தித்துறையில் கடலோடிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவன். அப்பாவும் இரண்டு அண்ணைமாரும் தோணியில் போய்வந்தார்கள். என்னையும் ஒருமுறை ஏற்றினார்கள். கரை கண்ணுக்கு மறையும் முன்பே வயிற்றில் இருந்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தோணிக்குள் சுருண்டு படுத்துவிட்டேன். "உவனைக் கரையிலை வைச்சு ஏதும் செய்விப்பம்" என்று அப்பா முடிவெடுத்தார். தபாலில் றேடியோ படித்தேன். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒருவரிடம் இரண்டு வருஷம் வேலை பழகினேன். ஐம்பதுகளின் கடைசியில் கொக்குவில் ஸ்டேஷனுக்குக் கிட்ட இருந்த ஒரு றேடியோக் கடையின் வேலைத்தலத்தில் சேர்ந்தேன். கீழே முதலாளி புது றேடியோ விற்பார். மேலே நாங்கள் பழுதானதைத் திருத்துவோம். இடையில் பதினாறு மரப்படி.

எங்களை மேற்பார்த்த போர்மன் கந்தவனம் அண்ணை. இணுவிலில் புகையிலைத் தோட்டம் செய்கிற குடும்பம். என்னிலும் எட்டு வயதுதான் மூப்பு, ஆனால் நடையும் பேச்சும் ஒரு பள்ளிக்கூட அதிபருக்குரியவை. சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடிப்பார். மூன்றாவது மடிப்பு ஒருநாளும் கிடையாது. யாரையும் ஏசமாட்டார். பிழை விட்டால் "ம்" என்று சொல்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்தத் துடைப்புக்கு ஏச்சு எவ்வளவோ மேல் என்று எங்களுக்குத் தோன்றும்.

அவரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. எதைச் செய்வதென்றாலும் முதலில் மின்சுற்றின் வரைபடம். கம்பிகள் சேருகிற ஒவ்வொரு சந்திக்கும் பக்கத்தில், அங்கே எத்தனை வோல்ட் இருக்கவேண்டும் என்று கறுப்புப் பேனையால் எழுதவேண்டும். செய்து முடித்தபின் மீட்டரால் அளந்து, இருப்பதைச் சிவப்பால் எழுதவேண்டும். கறுப்பும் சிவப்பும் ஒத்துப்போகும் வரைக்கும் மூடியைப் பூட்ட விடமாட்டார்.

"வேலை செய்யுதுதானே, அண்ணை?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"இண்டைக்குச் செய்யுது. ஏன் செய்யுதெண்டு உமக்குத் தெரியுமோ?"

தெரியவில்லை. மூடியைத் திரும்பக் கழற்றினேன்.

காலையில் சைக்கிளில் வந்து இறங்கி மேலே ஏறும்போது பாதிப் படியில் நிற்பார். அங்கே ஒரு சிறிய யன்னல். ரெயில் பாதை தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏறுவார். ரெயில் பார்ப்பதில் அவருக்கு ஆசை என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

அறுபதுகளின் கடைசியில், ஓர் ஐப்பசி மாதம், டொக்டர் இராசமலர் அந்தப் படியில் ஏறி வந்தார். பண்டத்தரிப்புப் பக்கம் சொந்தமாக டிஸ்பென்சரி வைத்திருந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மழையில் தானே கார் ஓட்டி வந்திருந்தார். கதிரையைக் கந்தவனம் அண்ணைக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு இருந்தார்.

"நான் சொல்லப்போறது இந்த அறையை விட்டு வெளியிலை போகக்கூடாது."

"சொல்லுங்கோ டொக்டர்."

"எனக்குக் காது குறைஞ்சுகொண்டு வருகுது. ஆக்கள் கதைக்கிறதை அவையின்ரை வாயைப் பாத்துப் பிடிச்சுக்கொள்ளுவன். நெஞ்சுக்கு வாய் இல்லையே."

ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் ஒன்றும் கேட்பதில்லை என்றார். நெஞ்சு வருத்தம் என்று வருகிற எல்லாரையும் பட்டினத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார். பஸ் ஏறிப்போக வசதியில்லாதவர்கள் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

"போன கிழமை ஒரு பிள்ளையின்ரை நெஞ்சிலை குழாயை வைச்சுக்கொண்டு, கேக்கிற மாதிரி நடிச்சனான். அதுக்குப் பிறகு சாப்பாடு இறங்கேல்லை. வெளிநாட்டிலை இதுக்குப் பெட்டி இருக்காம். இஞ்சை எடுப்பிக்க ஏலாது. நீங்கள் செய்து தந்தால் தொடருவன். இல்லாட்டில் தைப்பொங்கலோடை டிஸ்பென்சரியைப் பூட்டுறன்."

கந்தவனம் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிழை எதுவும் இல்லாமல் அவர் துடைத்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

டொக்டர் போனபின் என்னைப் பார்த்தார். "நவம், இது உம்முடைய வேலை. வரைபடத்தைக் கொண்டுவாரும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நெஞ்சில் வைக்க ஒரு கிறிஸ்டல் மைக். அதிலிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கிலான சின்னச் சிக்னல். அதை ஹெட்போனில் கேட்கிற அளவுக்குப் பெருக்கவேண்டும். ஒரு டிரான்சிஸ்டர் போதாது. ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுத்து, அதன் வெளியீட்டை மூன்றாவதற்குக் கொடுக்கவேண்டும். மூன்று கட்டம்.

ஒரு கட்டத்தைச் செய்து தனியே அளந்தேன். இரண்டு மில்லிவோல்ட் கொடுத்தால் இருநூறு வந்தது. நூறு மடங்கு. இரண்டாவதும் நூறு. மூன்றாவதும் நூறு. நூறை நூறால் பெருக்கி, மறுபடி நூறால் பெருக்கினால் பத்து லட்சம். வரைபடத்தின் அடியில் கறுப்புப் பேனையால் பெரிதாக எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன். எறும்பு நடப்பதையே கேட்கலாம் என்று முதலாளியிடமும் சொல்லிவைத்தேன்.

மூன்றையும் பூட்டி அளந்தபோது முப்பதாயிரம்கூட வரவில்லை.

டிரான்சிஸ்டர்களை மாற்றினேன். பற்றறியை மாற்றினேன். மீட்டரில் பிழை என்று அதையும் கழற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள் கந்தவனம் அண்ணை வந்து பக்கத்தில் இருந்தார்.

"முதலாம் கட்டத்தை எப்பிடி அளந்தனீர்?"

"தனிய வைச்சு."

"இப்ப இரண்டாவதோடை பூட்டினபடியே அளவும்."

அளந்தேன். நூறு இருக்கவேண்டிய இடத்தில் பதினேழு. இரண்டாவதன் கம்பியைக் கழற்றினேன். நூறு. பூட்டினேன். பதினேழு. நாலைந்து தரம் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன், ஏதோ மந்திர வித்தை பார்க்கிற மாதிரி.

"மீட்டர் ஒண்டும் குடியாது" என்றார். "அதாலை தனிய நிக்கேக்கை நூறு காட்டினது. இரண்டாவது டிரான்சிஸ்டர் அப்பிடியில்லை. அது உள்ளுக்கு வாங்கிறதுக்குக் கரண்ட் குடிக்கும். அதின்ரை வாசல் ஏறக்குறைய ஆயிரம் ஓம். உம்முடைய முதலாம் கட்டத்திலை இருக்கிற றெசிஸ்டர் நாலாயிரத்து எழுநூறு. ஆயிரத்தை அதுக்குப் பக்கத்திலை பூட்டினால் என்ன மிஞ்சும்?"

கணக்குப் போட்டேன். எண்ணூற்றுச் சொச்சம். ஆறிலொரு பங்குக்குக் கொஞ்சம் கூட. அதனால்தான் நூறு பதினேழானது. இரண்டாவதற்கும் மூன்றாவது அதையே செய்தது. மூன்றாவதற்குப் பின்னால் மீட்டர் மட்டும்தான், ஆகவே அது நூறாகவே நின்றது. பதினேழு, பதினேழு, நூறு. பெருக்கிப் பார்த்தால் இருபத்தெட்டாயிரத்துத் தொளாயிரம். மீட்டர் காட்டியதும் கிட்டத்தட்ட அதுதான்.

"பெருக்கினது சரி" என்றார். "பூட்டினாப் பிறகு இருக்கிறதை எல்லோ பெருக்கவேணும்."

என்னுடைய பத்து லட்சத்தை நானே வெட்டினேன். டொக்டருக்குத் தேவைப்பட்டது சில ஆயிரம்தான், ஆகவே அதில் நட்டமில்லை. ஆனால் மைக்கும் முதலாம் கட்டத்தோடு அதே பாடுதான் பட்டது. அந்த வாசல் மைக்கின் சிக்னலை அப்படியே விழுங்கியது. கந்தவனம் அண்ணை முன்னுக்கு இன்னொரு டிரான்சிஸ்டர் போடச் சொன்னார். பெருக்கமே இல்லாத ஒரு கட்டம். ஒன்று கொடுத்தால் ஒன்றுதான் வரும். இதற்கு ஏன் ஒரு டிரான்சிஸ்டரைப் பாழாக்கவேண்டும் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பூட்டினேன். அது மைக்கிடமிருந்து கொஞ்சமாக வாங்கி, அடுத்ததற்குத் தாராளமாகக் கொடுத்தது. கடைசியில் வந்த சத்தம் பல மடங்கு கூடிவிட்டது. அதன் பிறகு முணுமுணுக்கவில்லை.

கார்த்திகை நடுவில் பெட்டி தயார். டொக்டர் தந்த பழைய ஸ்டெதஸ்கோப்பின் கிண்ணத்துக்குள் மைக்கைப் பொருத்தியிருந்தேன். கந்தவனம் அண்ணை சட்டையின் மேல் மூன்று பொத்தானைக் கழற்றிவிட்டு மர வாங்கில் சாய்ந்தார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிண்ணத்தை அவருடைய நெஞ்சில் வைத்தேன்.

டுக், டுக், டுக், டுக்.

"அண்ணை, கேக்குது! என்ன வடிவாக் கேக்குது!"

முதலாளியும் மேலே ஓடி வந்தார். அவர் காதிலும் மாட்டினேன். கைகூப்பிக் கும்பிட்டார். கந்தவனம் அண்ணை தன் நெஞ்சிலிருந்து கிண்ணத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

டுக், டுக், டுக், டுக்.

முதலாளி மேசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, மேசைக்கு உயிர் இருக்கோ?"

நாலு கட்டத்துக்கும் ஒரே பற்றறி. கடைசிக் கட்டம் இழுக்கிற கரண்ட் பற்றறியைக் கொஞ்சம் அசைக்க, அந்த அசைவு முன்கட்டத்துக்குப் போய், பெருகித் திரும்பவும் கடைசிக்கு வந்து, தனக்குத்தானே துடித்துக்கொண்டிருந்தது. முன்கட்டங்களுக்குப் போகிற வழியில் ஒரு றெசிஸ்டரும் ஒரு பெரிய கொண்டென்சரும் போட்டவுடன் மேசை செத்துவிட்டது. ஆனால் முதலாளி அந்தக் கதையைக் கொக்குவில் முழுக்கச் சொல்லிவிட்டார். கிழமைக்கணக்காக என்னைக் கண்டவர்கள் எல்லாரும், "மேசை சுகமோ?" என்று கேட்டார்கள்.

அந்த வெட்கத்தில் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இனி இந்தப் பெட்டியில் என்ன சத்தம் கேட்டாலும் முதல் சந்தேகம் பெட்டி மேல்தான்.

மறுபடி கந்தவனம் அண்ணையின் நெஞ்சு. இந்தமுறை உண்மையான இதயம். லப், டப். லப், டப். ஆனால் இடையில் ஓர் இரைச்சல் இருந்தது. லப், ஷ்ஷ், டப். மணலில் அலை பின்வாங்குகிற மாதிரி.

"இரைச்சல் இருக்கு, அண்ணை."

"முதல் டிரான்சிஸ்டரை மாத்தும். அதிலை வாற இரைச்சலைத்தான் மற்றதெல்லாம் பெருக்குது."

மாற்றினேன். இருந்தது. அந்த நாளில் இரைச்சல் குறைந்தது என்று பேர்பெற்ற டிரான்சிஸ்டர் ஒன்றை, திருத்த வந்து உரியவர் திரும்பி வராத றேடியோவிலிருந்து கழற்றிப் போட்டேன். அப்போதும் இருந்தது. கம்பிகளுக்குக் கவசம் சுற்றினேன். ரெயில் போகாத நேரமாகப் பார்த்துக் கேட்டேன். ஒரு கிழமை இப்படியே போயிற்று. ஒவ்வொரு நாளும் கந்தவனம் அண்ணை பொத்தானைக் கழற்றிக்கொண்டு சாய்வார். நான் கேட்பேன். லப், ஷ்ஷ், டப்.

எட்டாம் நாள் அவர் சாப்பிடப் போயிருந்தார். நான் சும்மா இருக்க மனமில்லாமல் கிண்ணத்தை என் நெஞ்சிலேயே வைத்தேன்.

லப், டப். லப், டப்.

இரைச்சல் போய்விட்டது! காலையில் போட்ட கொண்டென்சர்தான் சரிப்படுத்திவிட்டது என்று துள்ளிக்கொண்டு கீழே ஓடி, முதலாளியின் பெரிய நெஞ்சில் வைத்தேன். லப், டப். சுத்தம். அவர் அதை ஏதோ வைத்தியம் என்று நினைத்து, "இப்ப நெஞ்சு லேசாக் கிடக்கு" என்றார்.

கந்தவனம் அண்ணை வந்ததும் அவர் நெஞ்சில் வைத்தேன். லப், ஷ்ஷ், டப்.

கிண்ணத்தை எடுத்து மேசையில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. திரும்ப என் நெஞ்சு. சுத்தம். திரும்ப அவர் நெஞ்சு. ஷ்ஷ்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிரான்சிஸ்டரின் இரைச்சல் மழை மாதிரி ஓயாமல் பெய்யும். இது அப்படிப் பெய்யவில்லை. ஒவ்வொரு துடிப்போடும் வந்து, ஒவ்வொரு துடிப்போடும் நின்றது. ஒரு கிழமையாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தும் எனக்கு விளங்கவில்லை. பாதிப் படி யன்னலும் கூடவே ஞாபகம் வந்தது.

"என்ன, இன்னும் இருக்கோ?" என்றார்.

"அண்ணை... இது பெட்டியில்லை."

"ம்."

"என்ரை நெஞ்சிலை இல்லை. முதலாளியின்ரை நெஞ்சிலை இல்லை. உங்களிலை மட்டும்தான் கேக்குது."

அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். "மைக் எனக்குச் சரியாப் பொருந்தேல்லையாக்கும்" என்றார். அளந்து பார்க்காமல் அவர் ஒன்றைச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

அடுத்த நாள் டொக்டரிடம் பெட்டியைக் கொண்டுபோனோம். கந்தவனம் அண்ணையையும் கூட்டிக்கொண்டு போக, பெட்டியைப் பரீட்சிக்க இன்னொரு நெஞ்சு தேவை என்று பொய் சொன்னேன். அவர் அதை நம்பவில்லை, ஆனாலும் வந்தார்.

டொக்டர் முதலில் என் நெஞ்சில் வைத்தார். ஹெட்போன் மாட்டிய அவருடைய முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்கமாட்டேன். "இரண்டு வருஷத்துக்குப் பிறகு கேக்கிறன், தம்பி" என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு கந்தவனம் அண்ணையின் நெஞ்சில் வைத்தார். மலர்ந்த முகம் மெல்ல மாறியது. கிண்ணத்தை நகர்த்தினார். இடது கைக்கு அடியில், கமக்கட்டுப் பக்கம் கொண்டுபோனார். மூச்சை அடக்கச் சொன்னார். நெடுநேரம் கேட்டார்.

என்னிடம் திரும்பி, "என்ரை காதை நான் நம்பமாட்டன். நீர் என்ன கேட்டனீர்? அப்பிடியே சொல்லும்" என்றார்.

"லப்புக்கும் டப்புக்கும் இடையிலை ஒரு இரைச்சல், டொக்டர். டப்புக்குப் பிறகு இல்லை."

தலையை ஆட்டினார். "நானும் அதைத்தான் கேட்டனான்." பிறகு கந்தவனம் அண்ணையிடம், "படி ஏறினால் களைக்கிறதோ?" என்று கேட்டார்.

"கொஞ்சம்."

"பாதியிலை நிப்பார், டொக்டர்" என்றேன். கந்தவனம் அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சின்ன வயதிலை காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கினதோ?"

"பத்து வயதிலை. இரண்டு மாதம் படுக்கை."

டொக்டர் ஹெட்போனைக் கழற்றினார். "இதயத்திலை ஒரு வால்வு வடிவாப் பூட்டுப்படேல்லை. இரத்தம் பின்னாலை கசியுது. அந்தச் சத்தம்தான் இது."

கந்தவனம் அண்ணை கொஞ்சம் யோசித்தார். "வால்வு றேடியோவை விட்டுப்போட்டு டிரான்சிஸ்டருக்கு வந்து பத்து வருஷமாச்சு, டொக்டர். எனக்குள்ளை இன்னும் வால்வோ?" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

டொக்டர் பட்டினத்திலிருந்த பெரிய டொக்டருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். நெஞ்சில் எந்தச் சத்தம் கேட்டது, எதை வைத்துக் கேட்டார் என்று எழுதவேண்டும். பேனை அந்த இடத்தில் நின்றது. கந்தவனம் அண்ணைக்கு அது விளங்கிவிட்டது.

"பெட்டியைப் பற்றி எழுதவேண்டாம், டொக்டர். உங்கடை காது விஷயம் எல்லாருக்கும் தெரியவந்திடும்."

"உங்கடை நெஞ்சை விட்டுப்போட்டு என்ரை காதை மறைக்கவோ?" என்று கேட்டுவிட்டு அவர் எழுதினார். தன் காது குறைவு, கொக்குவிலில் செய்த பெட்டி, அதில் கேட்ட இரைச்சல், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

பெரிய டொக்டரின் ஸ்டெதஸ்கோப்பிலும் அதே இரைச்சல் கேட்டது. கந்தவனம் அண்ணையைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். இன்னும் ஒரு வருஷம் இப்படியே சைக்கிள் மிதித்துப் படி ஏறியிருந்தால் இதயம் வீங்கிப்போயிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். விழுங்கக் குளிசை கொடுத்தார்கள். படி ஏறக்கூடாது என்றார்கள்.

அது தெரிந்த அன்று நான் முதலாளியிடம் போய் நின்றேன். போர்மனுக்கு வேறு ஆளைப் பார்க்கப் போகிறாரோ என்ற பயம் எனக்கு. அவர் மேலேயும் கீழேயும் பார்த்தார். "றேடியோ வாங்க வாறவை படி ஏறட்டும். திருத்திறவர் கீழை இருக்கட்டும்" என்றார். அன்றைக்கே வாங்கு, மேசை எல்லாவற்றையும் இறக்கினோம். அந்த மேசையைத் தூக்கும்போது முதலாளி, "மெல்லமாத் தூக்குங்கோடா, உயிர் உள்ளது" என்றார்.

டொக்டர் இராசமலர் தைப்பொங்கலோடு டிஸ்பென்சரியைப் பூட்டவில்லை. பெட்டியை மேசையில் எல்லாரும் காண வைத்தார். "எனக்குக் காது குறைவு. இதாலைதான் கேப்பன். சம்மதமெண்டால் இருங்கோ" என்று வருகிறவர்களுக்குச் சொன்னார். யாரும் எழுந்து போகவில்லை. மெசினில் பார்க்கிற டொக்டர் என்று பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கியதுதான் நடந்தது. அந்தப் பெட்டியைச் சரிபார்க்க வருஷத்துக்கொருமுறை நான் பண்டத்தரிப்புக்குப் போய்வந்தேன். கந்தவனம் அண்ணை எங்களோடு இன்னும் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தார்.

கொழும்பிலிருந்து அவர் திரும்பி வந்தது அடுத்த பங்குனியில். டொக்டரின் பெட்டி அப்போது பற்றறி மாற்ற எங்களிடம் வந்திருந்தது.

"ஒருக்கால் கேட்டுப் பாருங்கோவன், அண்ணை" என்றேன். அத்தனை நாளும் அவர் நெஞ்சைத் தந்தாரே ஒழிய, ஒருநாளும் அதைத் தான் கேட்டதில்லை.

"எனக்கு என்னத்துக்கு?" என்றார். நான் வற்புறுத்தவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது கடையில் வேறு யாரும் இல்லை. கந்தவனம் அண்ணை எனக்கு முதுகு காட்டி இருந்தார். காதில் ஹெட்போன். ஒரு கை நெஞ்சில். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கிட்டத்தட்ட ஐந்து நிமிஷம் அவர் அசையவில்லை. பிறகு ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுற்றி, மேசையில் வைத்தார். திரும்பியபோது என்னைக் கண்டார்.

"நீர் சொன்னது சரி" என்றார். "பெட்டியிலை ஒரு பிழையும் இல்லை."

பெட்டியின் மூடியை எடுத்து, நாலு திருகாணியையும் அவரே பூட்டினார்.